ஆட்டு நுரையீரல்ல ஹோமோன் ரிசெப்டர் (ஹோமோன் வந்து ஒட்டுற புரதம்) எங்க இருக்கெண்டு பாக்கிற முறை

கிளிநொச்சிப் பக்கம் ஆடு வெட்டுற இடத்தில முதலே சொல்லி வைச்சா நுரையீரல் எடுக்கலாம், ஆனா வன்னி வெக்கைக்குச் சுணங்கக்கூடாது, கையோட 10% போமலின் (திசு பழுதாகாம வைக்கிற கரைசல்) கொண்டு போங்கோ. துண்டை அப்பிடியே போட்டா மிதக்கும், உள்ளுக்கு முழுக்கக் காத்துத்தானே, அதால மூச்சுக்குழாய்க்குள்ளால ஊசியால போமலினை மெல்ல ஏத்தி, மேல கோஸ் துணி வைச்சு அமத்தி 24 மணித்தியாலம் விடுங்கோ. இதில அவசரப்பட்டா பிறகு ஒண்டும் சரிவராது.

பிறகு வழமைபோல பரஃபின் மெழுகில பதிச்சு, 4-5 மைக்ரோன் வெட்டு, மெழுகு களைஞ்சு பிஎச் 6 சிற்றேட் பஃபர்ல 95 பாகையில 20 நிமிசம், 3% ஹைட்ரஜன் பெரொக்சைட் 10 நிமிசம், பிறகு அன்டிபொடி கண்ட இடத்தில ஒட்டாம இருக்கச் சீரம். குளூக்கோகோர்ட்டிகொயிட் (கோர்ட்டிசோல் மாதிரி ஹோமோன்) ரிசெப்டருக்கான முதல் அன்டிபொடியை (அந்த ரிசெப்டரில போய் ஒட்டுற புரதம்) விட்டு இரவு முழுக்க 4 பாகையில வையுங்கோ, கரண்ட் போனா ஐஸ் பெட்டிதான். அடுத்த நாள் முதல் அன்டிபொடியில ஒட்டுற, நொதி பூட்டின ரெண்டாவது அன்டிபொடியை விடுங்கோ.

ஆட்டில செய்த அன்டிபொடி வாங்கிடாதேங்கோ! நான் வாங்கி, ரெண்டாவது அன்டிபொடி ஆட்டின்ர சொந்தப் புரதத்திலயே போய் ஒட்டி ஸ்லைட் முழுக்க மண்ணிறம், ஒரு கிழமை வீண். முயல்ல செய்தது நல்லம்.

கடைசியா டிஏபி (அந்த நொதி இருக்கிற இடத்தில மண்ணிறமாகிற பொருள், கையுறை கட்டாயம்), ஹீமடொக்சிலின் (கருவை நீலமாக்கிற சாயம்). நீலத்துக்கு நடுவில சுவாசக்குழாய் மேலணிக் கலங்களின்ர கருவுக்குள்ள மண்ணிறம் தெரிஞ்சா அதுதான் ரிசெப்டர். முதல் அன்டிபொடி விடாத ஸ்லைட் ஒண்டும் பக்கத்தில வையுங்கோ, அதுவும் மண்ணிறமெண்டா நம்பாதேங்கோ.