கோடை வகுப்பில் வர்ணத்தைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்யுங்கள்

மே மாத விடுமுறையில் கர்நாடக சங்கீத வகுப்பில் வர்ணம் (பல பகுதிகள் கொண்ட பயிற்சிப் பாடல் வகை) கற்கப் போகிறவர்கள், ஒரு மணி நேர வகுப்பை ஒரே பதிவாக எடுக்காமல் பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், ஒவ்வொரு எத்துக்கடை ஸ்வரம் என்று தனித்தனியாக போனில் எடுங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தம்புரா 5 விநாடி கேட்கட்டும். வீட்டில் ஒரு கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் விதம்) பிடிபடாவிட்டால் அந்த அரை நிமிடத்தையே பத்து முறை கேட்டுப் பாடலாம், தேடுவதிலேயே பாடிப் பழகும் நேரம் போகாது, அப்புறம் ஸ்ருதி முதலிலேயே காதில் விழுவதால் கட்டை (ஸ்ருதியின் அளவு) மாறிப் பாடுவதும் குறையும். ராகத்தை அவ்வப்போது கற்பனையாக விரித்துப் பாடும் ஆலாபனை, கல்பனாஸ்வர வகுப்புகளுக்கு இது சரிப்படாது. அங்கே ராகம் படிப்படியாக எப்படி வளர்கிறது என்பதுதான் பாடம், வெட்டினால் தொடர்ச்சி போய்விடும், முழுதாகவே எடுங்கள். குருவிடம் முதலில் அனுமதி கேளுங்கள், சிலருக்குப் பதிவு செய்வதே பிடிக்காது.