தவக்கால வாசகங்களைச் சிந்திக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஸ்டருக்கு முன்வரும் நோன்புக்காலமான தவக்காலம் வந்துவிட்டால், இலங்கை மலையகத்தின் எங்கள் தேயிலைத் தோட்டப்புறங்களில் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையோடு, மாலை வேளைகளில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் செபக்கூட்டங்களும் நடக்கும். கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, பாயில் வந்து அமர்கிறவர்களுக்கு யாராவது ஒருவர் விவிலிய வாசகத்தின்மீது சிந்தனை வழங்க வேண்டும். சில ஆண்டுகளாக அந்தப் பணியைச் செய்துவருகிறவன் என்ற முறையில், நானும் செய்து பிறரும் செய்யக் கண்ட தவறுகளை இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து வருகின்றன: சொல்லப்போகும் படிப்பினையை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்குச் சான்று தேடத்தான் வாசகத்தைத் திறக்கிறோம்.

கிணற்றருகே இயேசு தண்ணீர் கேட்ட சமாரியப் பெண்ணின் பகுதி (யோவான் 4) இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அவள் பாவி என்றும், ஊரார் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டே நண்பகலில் தண்ணீர் மொள்ள வந்தாள் என்றும் நான் பல முறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை, கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா குறுக்கிட்டு, "நாங்களும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துதான் பீலிக்குப் போறோம், வெட்கப்பட்டா போறோம்?" என்று கேட்டார். (பீலி என்பது நாங்கள் தண்ணீர் பிடிக்கும் இடம்.) அன்றிரவு அந்த அதிகாரத்தை மறுபடியும் படித்தேன். அவள் ஏன் அந்த நேரத்தில் வந்தாள் என்று யோவான் எழுதவே இல்லை. ஐந்து கணவர்கள் இருந்ததாகச் சொல்கிறாரே தவிர, அவர்கள் இறந்தார்களா, அவளை விலக்கிவிட்டார்களா என்று சொல்லவில்லை. "இனிப் பாவம் செய்யாதே" என்ற சொல்லும் இங்கே இல்லை. அது எட்டாம் அதிகாரத்தில் வேறொரு பெண்ணிடம் சொல்லப்பட்டது. அந்த அம்மாவின் கேள்வியையே விடையாக்கிவிடக் கூடாதுதான். ஆனால் நான் இல்லாததைச் சேர்த்திருந்தேன் என்பதை அது காட்டிக்கொடுத்தது. முந்தைய அதிகாரத்தில் நிக்கதேம் இரவில் வருகிறார், இவள் பட்டப்பகலில் இயேசுவைச் சந்திக்கிறாள். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். அவளுடைய சொல்லைக் கேட்டுச் சமாரியர் பலர் நம்புகிறார்கள். அவளுடைய பாவத்தைப் பற்றியே பேசி நேரத்தைச் செலவிட்டவன், இந்தச் சாட்சியத்துக்கு வந்து சேராமலேயே ஆமென் சொல்லிவிடுகிறான்.

நற்செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய ஏற்பாட்டிலிருந்து வரும் முதல் வாசகத்தை விட்டுவிடுவது அடுத்த தவறு. சமாரியப் பெண்ணின் பகுதி வரும் முதல் ஆண்டின் மூன்றாம் தவக்கால ஞாயிறன்று விடுதலைப் பயண நூலின் 17ஆம் அதிகாரத்திலிருந்து, தாகத்தால் முறுமுறுத்த மக்களுக்குப் பாறையிலிருந்து தண்ணீர் கிடைத்த நிகழ்ச்சி வாசிக்கப்படுகிறது. பதிலுரைப் பாடலாக 95ஆம் திருப்பாடல் வருகிறது. தண்ணீர் கேட்கும் இயேசுவை அந்தப் பாறையின் அருகே வைத்துப் பார்க்கத்தான் திருச்சபை இவற்றைச் சேர்த்துத் தந்திருக்கிறது. ஆண்டையும் கவனிக்க வேண்டும். முதல் இரு ஞாயிறுகளில் எல்லா ஆண்டுகளிலும் இயேசு சோதிக்கப்பட்டதும், மலையில் அவர் தோற்றம் மாறியதுமே வரும். மூன்றாம் ஞாயிறிலிருந்து மூன்று ஆண்டுச் சுழற்சிப்படி நற்செய்தி மாறும். மூன்றால் மீதியின்றி வகுபடும் 2025 மூன்றாம் ஆண்டு, 2026 முதல் ஆண்டு. இது தெரியாமல் போன வருடத்துச் சிந்தனையை எடுத்துவந்து திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நோன்பைப் பற்றிப் பேசும்போது இறைச்சி, மீன் கணக்கோடு நின்றுவிடுவதும் உண்டு. 14 வயது நிறைந்தவர்கள் புலால் தவிர்க்க வேண்டும், 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறைவடையும்வரை நோன்பிருக்க வேண்டும் என்ற ஒழுங்கு தேவையானதே. ஆனால் திருநீற்றுப் புதனுக்குப் பின்வரும் வெள்ளியன்று வாசிக்கப்படும் எசாயா 58, நோன்பு நாளிலும் தங்கள் ஆதாயத்தையே நாடி வேலையாள்களை ஒடுக்குகிறவர்களைத்தான் கண்டிக்கிறது. அந்தக் கண்டனத்தை விட்டுவிட்டு, நாள் முழுதும் மலையேறி இறங்கியும் அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட்டதால் கலங்கி நிற்கும் பெண்ணிடம் "உன் சிலுவையைப் பொறுமையோடு சும" என்று மட்டும் சொல்வது, இறைவாக்கினரின் வாயை மூடுவதாகும். இதை நான் மிகவும் வேதனையோடு எழுதுகிறேன்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. அத்தகைய அழிவுகளின்போது "கடவுள் தண்டித்தார்" என்று சொல்கிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். செபக்கூட்டத்திலேயே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிறு நற்செய்தி (லூக்கா 13:1-9) இதற்கு நேரடியாகவே மறுமொழி தருகிறது. சிலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று அவரே மறுக்கிறார். மனம் மாற வேண்டும் என்ற அழைப்பு, இறந்தவர்களை நோக்கி அல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் நம்மை நோக்கியே எழுகிறது.

அதே பகுதியின் கடைசியில் வரும் அத்திமர உவமையையும் வெட்டப்போகும் கோடரியாக்கிப் பயமுறுத்துவது வழக்கமாகிவிட்டது. வெட்டிவிடச் சொல்பவர் உரிமையாளர்; இந்த ஆண்டும் விட்டுவையும் என்று பரிந்து பேசுகிறவர் தோட்டத் தொழிலாளர். சுற்றிலும் கொத்தி எருப் போடுவேன் என்கிறார். தேயிலைக்கு முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறி உரம் போட்டுப் பழகிய எங்கள் மக்களுக்கு அந்த வேலையின் பாரத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அடுத்த ஆண்டு மரம் காய்த்ததா என்பதை லூக்கா எழுதாமல் விட்டிருக்கிறார். சிந்தனை வழங்குகிறவரும் அதை அப்படியே விட வேண்டும்.