'டாங்க்' என்று எழுதும் முன்: வன்னியில் ஆங்கிலம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் குளம் இல்லாத ஊர் அரிது. கடிதமோ, அறிக்கையோ, பரீட்சைக் கட்டுரையோ, ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் 'டாங்க்' வந்தே தீரும். வழுக்குவதும் அங்கேதான்.

குளத்தை 'டாங்க்' என்பது இலங்கை, இந்திய ஆங்கிலம். கொழும்பில் இருப்பவருக்கு அது புரியும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவருக்குத் தாங்கிதான் நினைவுக்கு வரும். "எங்கள் டாங்கைத் துப்புரவாக்க உதவி தேவை" என்று ஒரு கமக்காரர் அமைப்பு வெளிநாட்டுக்கு எழுதினால், படிப்பவர் கூரையில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கியையே நினைப்பார். தூர்ந்த குளமும் விதைக்காமல் கிடக்கும் வயலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. முதல் வரியிலேயே 'இரிகேஷன் டாங்க்' அல்லது 'ரிசர்வோயர்' என்று எழுதிவிடுங்கள். 'பொண்ட்' வேண்டாம், அது குட்டைக்குரிய சொல். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய பெருங்குளமான இரணைமடுவை அப்படிச் சொல்லலாமா?

இதைவிடப் பாரதூரமானது போர்க்கால வாக்குமூலங்களில் நேரும் பிழை. 'டாங்க்' என்றால் யுத்த டாங்கியும்தான். முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் கவச வண்டியை இரகசியமாகச் செய்தபோது, நீர்த்தாங்கி செய்வதாகக் காட்டிக்கொள்ள வைத்த மறைபெயர் அது. 1916 செப்டெம்பரில் வண்டி போர்க்களத்துக்கு வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. "செல் விழ விழ டாங்க் பக்கம் ஓடினோம்" என்று புகலிடக் கோரிக்கையில் எழுதினால், படிக்கும் அதிகாரி என்ன நினைப்பார்? டாங்கியை நோக்கி ஏன் ஓடினார்கள் என்று கேட்பார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவரின் சொல்லையே அது சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். இங்கே குளத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்: 'இரணைமடு ரிசர்வோயர்'. மொழிபெயர்ப்பாளர் எழுதித் தந்தாலும் இந்த ஓர் இடத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்.

'இரணைமடுவின் கீழ் வயல்' என்பதை 'அண்டர் த டாங்க்' என்று நம் அலுவலகங்கள் எழுதுகின்றன. பிறநாட்டார் அதைக் குளத்துக்கு அடியில் கிடக்கும் வயல் என்றே படிப்பார்கள். குளத்து நீர் பாயும் வயல் என்று விரித்து எழுத வேண்டும். 'மைனர் டாங்க்' என்பதையும் கண்மதிப்பில் போடக்கூடாது. 80 ஹெக்டேயர் வரை நீர் பாய்ச்சும் குளத்துக்கான அரச வகைப்பாடு அது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது எல்லாவற்றையும் 'தொட்டி' ஆக்குவது இன்னொரு பழக்கம். மீனுக்குத் தொட்டி சரி. பெற்றோலுக்குத் தாங்கி, கோயிலுக்குக் கேணி. 'திங்க் டாங்க்' என்பது சிந்தனைக் குழாம். மன்னாரின் 'ஜயன்ட்ஸ் டாங்க்' நம் கட்டுக்கரைக் குளம். அதை இராட்சதத் தொட்டி என்று எழுதினால் முருங்கன் விவசாயிக்கே தன் குளம் தெரியாது.

வெள்ள அறிவித்தலில் மட்டும் மிக மிகக் கவனம் வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய நேரத்தில் 'டாங்க் ஸ்பில்லிங்' என்று வரும் குறுஞ்செய்தியை "தொட்டி சிந்துகிறது" என்று மாற்றினால் யாரும் வீட்டை விட்டு அசையமாட்டார்கள். "குளம் வான் பாய்கிறது" என்று எழுதுங்கள். எந்தக் குளம், எத்தனை கதவு, எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்பதையும் அதே வரியில் சேருங்கள்.