முதல் முறை ஜூஸ் கிளென்ஸ்: ஒரே ஒரு நாள் போதும்

மூன்று நாள் வெறும் ஜூஸில் இருக்கப் போகிறேன் என்று வீட்டில் எல்லோரிடமும் அறிவித்துவிட்டுத்தான் முதல் தடவை ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் மதியம் மூன்று மணிக்கு, சமையலறையில் நின்றபடியே நான்கு ரொட்டித் துண்டுகளைத் தின்று முடித்தேன். எனக்கு மன உறுதி போதவில்லை என்று அப்போது நினைத்தேன். உண்மையில் முந்தின நாள் வரை மூன்று வேளை காபி குடித்துவிட்டு ஒரேயடியாக நிறுத்தியிருந்தேன். போட்ட ஜூஸ் அத்தனையும் பழம். அதன் பிறகு ஒரு நாள் கணக்கில் சில முறை செய்து பார்த்துவிட்டேன். அந்த ஒரு நாள் முறைதான் இது.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயத்தைப் பேசிவிடுவோம். ஜூஸ் குடித்தால் உடம்பில் சேர்ந்த நச்சு வெளியேறும் என்பார்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஜூஸ் அதை வேகப்படுத்துகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. எடை குறைவதும் அப்படித்தான். சாப்பாடு குறைந்ததும் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்த சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், அதுவும் கூடவே போய்விடும். எடை பார்க்கும் கருவி காட்டும் குறைவில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். வழக்கம்போல் சாப்பிட ஆரம்பித்ததும் திரும்பி வந்துவிடும்.

பின்னே ஏன் செய்கிறாய் என்று கேட்டால், பசிக்காமலே எத்தனை தடவை வாயில் எதையாவது போடுகிறேன் என்பது அந்த ஒரு நாளில் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. எனக்கு அது போதும்.

படி 1: இது உங்களுக்கு ஏற்றதா?

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள், சாப்பாட்டோடு மனப் போராட்டம் இருந்தவர்கள் இதைத் தொட வேண்டாம். தினமும் ஏதாவது மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சும்மா சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. கிரேப்ஃப்ரூட் ஜூஸ் கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். கீரையில் உள்ள வைட்டமின் கே, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு மருந்தின் வேலையைக் கெடுக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பசலைக்கீரையும் பீட்ரூட்டும் கல் உருவாகக் காரணமான ஆக்சலேட்டை நிறையக் கொண்டுவந்து சேர்க்கும்.

படி 2: மூன்று நாள் முன்பே காபியைக் குறையுங்கள்

முதல் தடவை தலைவலியில் மண்டை வெடித்ததற்குப் பசியைத்தான் குற்றம் சொன்னேன். காபியைத் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். மூன்று வேளை குடிப்பவர் இரண்டாக்கி, பிறகு ஒன்றாக்கி, கடைசி நாள் அரைக் கோப்பையோடு நிறுத்தினால் பாதித் தொல்லை தீர்ந்தது. முந்தின இரவு வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். மறுநாள் பட்டினி என்ற நினைப்பிலேயே கை கூடுதலாகப் போகும்.

படி 3: காய் மூன்று பங்கு, பழம் ஒரு பங்கு

முழு முறையிலும் இதுதான் முக்கியம். 250 மில்லி ஆப்பிள் ஜூஸில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை இருக்கிறது, நார்ச்சத்து கிட்டத்தட்ட இல்லை. அதையே நாள் முழுக்கக் குடித்தால் சர்க்கரை ஏறி இறங்கி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும், எரிச்சல் வரும். அதனால் வெள்ளரி, கேரட், தக்காளி, கீரை ஆகியவை அடிப்படை; ஆப்பிளோ ஆரஞ்சோ சுவைக்கு மட்டும்.

நான் போடும் மூன்று கலவைகள்:

பச்சை: ஒரு பெரிய வெள்ளரி, ஒரு கைப்பிடி கீரை, அரை ஆப்பிள், அரை எலுமிச்சை, விரல் நுனியளவு இஞ்சி.

ஆரஞ்சு: ஐந்து கேரட், ஒரு ஆரஞ்சு, கொஞ்சம் இஞ்சி.

உப்பு: மூன்று தக்காளி, அரை வெள்ளரி, எலுமிச்சை, சிட்டிகை உப்பு, மிளகு. மதியத்துக்கு இதுதான். இனிப்பாகவே குடித்துச் சலித்த நாக்குக்கு அந்த உப்பு அவ்வளவு இதம்.

வெள்ளரி, சுரை இனத்துக் காய் எதுவானாலும் அரைக்கும் முன் ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயையே குப்பையில் போடுங்கள். தேன் ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற விஷம், ஆளை மருத்துவமனை வரை கொண்டுபோகக்கூடியது. ஆப்பிள் விதைகளையும் எடுத்துவிடுங்கள்.

படி 4: அரைப்பதும் வைப்பதும்

ஒரு நாள் சோதனைக்கு ஜூஸர் வாங்காதீர்கள். மிக்ஸியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, சுத்தமான மெல்லிய துணியில் பிழிந்தால் போதும். வடிகட்டாமல் குடித்தாலும் நல்லதுதான், நார்ச்சத்து கிடைக்கும். என்ன, ‘கிளென்ஸ்’ என்று பெருமையடிக்க முடியாது! காய்களைத் தோல் சீவப் போகிறீர்கள் என்றாலும் முதலில் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். காய்ச்சாத ஜூஸில் கிருமியைக் கொல்லும் சூடு எதுவும் இல்லை. 1996இல் அமெரிக்காவில் சூடாக்காத ஆப்பிள் ஜூஸ் வழியாக ஈகோலை என்ற கிருமி பரவி ஒரு குழந்தை இறந்தே போனது. பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, உடனே ஃபிரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

படி 5: அந்த நாள்

வேலை குறைவான விடுமுறை நாளாகப் பாருங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை 300 மில்லி, மொத்தம் ஆறு தடவை. நடுவில் தாகத்துக்குத் தண்ணீர். ஒரே மூச்சில் குடிக்காமல் மெல்ல உறிஞ்சுங்கள். இத்தனையும் சேர்ந்து ஆயிரம் கலோரியைத் தொடுவதே கடினம், புரதமும் மிகக் குறைவு. ஆகவே உடற்பயிற்சி வேண்டாம், சும்மா நடந்துவிட்டு வாருங்கள். மாலை நான்கு மணிதான் மோசமான நேரம். அப்போதைக்கு ஒரு பாட்டிலை ஒதுக்கி வையுங்கள்.

பீட்ரூட் போட்டிருந்தால் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகலாம். சிலருக்கு அப்படித்தான், பயப்படாதீர்கள். ஆனால் தலை சுற்றல், கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுவது இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள். சாப்பிட்டும் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். ‘நச்சு வெளியேறுவதன் அறிகுறி’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

படி 6: மறுநாள் காலை

முதலில் ஒரு பழம், அப்புறம் வேகவைத்த காய், ஒரு முட்டையோ கொஞ்சம் பருப்போ. எண்ணெயில் பொரித்ததை மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். முதல் நாள் பிழிந்த சக்கை ஃபிரிட்ஜில் இருக்குமே, அதைத் தூக்கிப் போடாதீர்கள். கேரட்டும் தக்காளியும் உள்ளதை வெங்காயத்தோடு வதக்கி சூப்பில் கொதிக்கவிட்டால் அருமையாக இருக்கும். கீரைச் சக்கையில் நானும் இரண்டு தடவை முயன்றேன். அதை மட்டும் செடிக்குப் போட்டுவிடுங்கள்.