டாலர்–பவுண்டு தரவில் வாங்கும் திறன் சமநிலையைச் சோதிப்பது எப்படி?

ஒரே கூடைப் பொருட்களை அமெரிக்காவில் வாங்கினாலும் பிரிட்டனில் வாங்கினாலும், ஒரே நாணயத்தில் கணக்கிட்டால் செலவு ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது இந்தக் கோட்பாடு. எந்த மாதத்தை எடுத்தாலும் அப்படி இருக்காது. விலகல் நாளடைவில் தானே சரியாகிறதா? சோதிக்க வேண்டியது அதைத்தான்.

படி 1: தரவு. நாணயங்கள் மிதக்கத் தொடங்கிய, அதாவது அவற்றின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கத் தொடங்கிய 1973-லிருந்து மாதாந்திர மாற்று விகிதத்தையும் இரு நாட்டு நுகர்வோர் விலைக் குறியீடுகளையும் எடுங்கள். இரு குறியீடுகளின் அடிப்படை ஆண்டு வேறாக இருந்தால் பாதகமில்லை. ஒரே குறியீட்டின் நடுவில் அடிப்படை ஆண்டு மாறியிருந்தால் இரு பகுதிகளையும் ஒரே அடிப்படைக்கு மாற்றி இணைத்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அங்கே பொய்யான பள்ளம் விழும்.

படி 2: மெய் மாற்று விகிதம், அதாவது இரு நாட்டு விலைகளையும் சேர்த்துக் கணக்கிட்ட மாற்று விகிதம். ஒரு பவுண்டுக்கு எத்தனை டாலர் என்பதன் மடக்கையோடு பிரிட்டன் குறியீட்டின் மடக்கையைக் கூட்டி, அமெரிக்கக் குறியீட்டின் மடக்கையைக் கழியுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். உடனே வரைபடம் போட்டுப் பாருங்கள். 1975-ல் பிரிட்டனின் பணவீக்கம் சுமார் 24%. கூட்டல், கழித்தல் இடம் மாறியிருந்தால் 1970-களில் கோடு செங்குத்தாகச் சரியும்.

படி 3: விரிவாக்கப்பட்ட டிக்கி–ஃபுல்லர் சோதனை. மெய் மாற்று விகிதத்தில் அலகு மூலம் இருக்கிறது, அதாவது விலகல் தானே சரியாவதில்லை என்ற கருதுகோளை நிராகரிக்க முடிகிறதா என்று இது பார்க்கும். மாறிலி சேருங்கள், காலப்போக்கு வேண்டாம். போக்கைச் சேர்த்தால் சமநிலைப் புள்ளியே நகரலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அது வேறு கோட்பாடு. மாதத் தரவுக்கு 12 பின்தங்கல்களில் (முந்தைய மாதங்களின் மாற்றங்களில்) தொடங்கி, எத்தனை போதும் என்று சொல்லும் அக்காய்க்கே அளவுகோலை வைத்துக் குறையுங்கள். 5% மட்டத்தில் எல்லை மதிப்பு சுமார் −2.86. சோதனை மதிப்பு அதைவிடக் கீழே இருந்தால்தான் நிராகரிக்கலாம். வழக்கமான டி-அட்டவணையைப் பார்த்தால் முடிவு தவறிவிடும்.

பெரும்பாலும் அலகு மூலத்தை நிராகரிக்க முடியாது. அதற்காகக் கோட்பாடு பொய் என்று எழுதிவிடாதீர்கள். விலகல் பாதியாகக் குறைய 4 ஆண்டு ஆகும் என்றால் மாதாந்திரக் கெழு, அதாவது ஒரு மாத விலகலில் அடுத்த மாதம் மிஞ்சும் பங்கு, 0.986. அதை அலகு மூலத்துக்குரிய 1-இலிருந்து பிரித்தறிய 50 ஆண்டுகள்கூடப் போதாமல் போகலாம். வாரத் தரவுக்கு மாறினாலும் பயனில்லை. தேவை நீண்ட காலம், நிறைய புள்ளிகள் அல்ல. பொருளியலாளர்கள் லோதியனும் டெய்லரும் 1996-ல் 1791 முதல் 1990 வரையிலான டாலர்–பவுண்டு தரவை எடுத்தபோதுதான் அலகு மூலம் நிராகரிக்கப்பட்டது. அங்கே அரை ஆயுள் (விலகல் பாதியாகக் குறையும் காலம்) ஏறத்தாழ 6 ஆண்டு.

அவ்வளவு நீளமான தரவு இல்லையென்றால் பல நாடுகளைச் சேர்த்து இம்–பெசரான்–ஷின் சோதனை செய்யலாம். ஆனால் எல்லா விகிதங்களும் டாலரை வைத்தே கணக்கிடப்படுவதால் ஒன்றாகவே ஏறி இறங்கும். அதைக் கவனிக்காவிட்டால் நிராகரிப்பு மிகச் சுலபமாகக் கிடைத்துவிடும் என்று 1998-ல் ஓ'கானல் காட்டினார். இதைச் சரிசெய்யும் பெசரானின் 2007 சோதனையையும் கூடவே செய்யுங்கள். அதிலும் நிராகரிப்பு வந்தால், சில நாடுகளிலாவது விலகல் திரும்புகிறது என்றுதான் பொருள். எந்தெந்த நாடுகள் என்பதை அது சொல்லாது.