தனி வகுப்பில் ஹார்ப் கற்க வருகிறவர்களுக்கு

ஹார்ப் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எப்போது ஒரு பாட்டு வாசிக்கலாம்?" சின்ன மெட்டு ஒன்றை முதல் வகுப்பிலேயே வாசித்துவிடலாம். தந்தியைத் தொட்டாலே இனிமையாக ஒலிக்கும் வாத்தியம் இது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது: கை தப்பாகப் படிந்துகொண்டிருப்பதைக் காது கண்டுபிடிக்காது. தனி வகுப்புக்கு நீங்கள் கொடுக்கும் காசு, உங்கள் கையை இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருப்பதற்காக.

அதனால் ஆசிரியரை முடிவு செய்யும் முன் ஒரே ஒரு வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். அவர் கண் உங்கள் விரலில் இருக்கிறதா, நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறதா? எந்த முறையில் கற்றுத்தருகிறார் என்றும் கேளுங்கள். ஹார்ப் கலைஞர் கார்லோஸ் சால்செடோ வகுத்த முறையில் முழங்கை உயர்ந்து நிற்கும். பிரெஞ்சு முறையில் வலது மணிக்கட்டு ஒலிப்பலகையின் விளிம்பில் லேசாகச் சாயும். இரண்டும் நல்லவைதான். ஆனால் கை பழகும்வரை ஒன்றிலேயே இருங்கள்.

வாத்தியத்தை உடனே வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். 47 தந்தியும் காலால் மிதிக்கும் 7 பெடலும் கொண்ட பெரிய ஹார்ப் பிறகு வரட்டும். 34 அல்லது 36 தந்தி உள்ள லீவர் ஹார்ப் (தந்தியின் சுருதியைக் கையால் அரை ஸ்வரம் ஏற்றும் சின்ன நெம்புகோல்கள் கொண்டது) தொடக்கத்துக்குத் தாராளம். மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில், சிவப்புத் தந்தி 'சி', கறுப்போ நீலமோ 'எஃப்'. இவற்றை வைத்தே மற்றதைக் கண்டுபிடிக்கலாம்.

இனி கை. ஹார்ப் வலது தோளில் சாயும்; தோளில் பாரம் தெரிந்தால் ஸ்டூலின் உயரத்தையும் சாய்வையும் ஆசிரியரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். சுண்டுவிரலுக்கு வேலை இல்லை. கட்டைவிரல் மேல்நோக்கி நிமிர்ந்திருக்க, மற்ற மூன்றும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். தந்தியை மீட்டிய விரல் அங்கேயே நிற்காமல் உள்ளங்கைக்குள் மடங்க வேண்டும். பாதி ஒலி அந்த மடக்கத்தில் இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அப்புறம், நான் விடாமல் நச்சரிப்பது ஒன்று: விரல்களை முன்கூட்டியே தந்தியில் வைப்பது. மூன்று ஸ்வரம் வரிசையாக வருகிறதென்றால் மூன்று விரலும் முதலிலேயே உட்கார்ந்துவிட வேண்டும், பிறகுதான் மீட்டல். ஒவ்வொன்றாகத் தேடித் தேடி மீட்டினால் வேகம் ஒருநாளும் வராது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைப் பொறுமை சோதிக்கும் அளவுக்கு மெதுவாக வைத்து இதைப் பழகுங்கள்.

வீட்டில் ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டாம். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் போதும். போனைப் பக்கவாட்டில் வைத்துக் கையைப் படம் பிடித்து, அடுத்த வகுப்பில் காட்டுங்கள். விரல் நுனி கொப்புளித்தால் ஆறும்வரை நிறுத்துங்கள். மணிக்கட்டு வலித்தால் அதே வாரம் ஆசிரியரிடம் சொல்லியாக வேண்டும். வலியோடு வாசித்துப் பழகுவதை நான் எந்த மாணவருக்கும் அனுமதிப்பதில்லை.

சுருதி கூட்டுவதை முதல் மாதத்திலேயே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். லீவர்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, வாசிக்கும் முன் தினமும் பாருங்கள். சுருதி கூட்டும் சாவியைத் திருகும் முன், எந்தத் தந்தி சுற்றியிருக்கும் முளை (ஆணி) அது என்று விரலால் தொட்டு உறுதி செய்யுங்கள். பக்கத்து முளையைத் திருகித்தான் பல தந்திகள் அறுகின்றன. அறுந்தால் பதற்றம் வேண்டாம். அடுத்த வகுப்பில் ஆசிரியர் பக்கத்திலிருக்க, முடிச்சிலிருந்து நீங்களே போட்டு மாற்றுங்கள். புதுத் தந்தி சில நாள் இறங்கிக்கொண்டே இருக்கும், மறுபடி மறுபடி ஏற்ற வேண்டும்.