டிராஃப்டில் இடம் இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச்சுற்றாக வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, நெருங்கும்போதெல்லாம் நண்பர்கள் சிலர் கூடி ஒரு மாதிரி டிராஃப்ட் நடத்துவது எங்கள் வழக்கம். ஆளுக்கோர் அணியின் மேலாளராக அமர்ந்து, பிக்குகளை (அந்த வரிசையில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை) பேரம் பேசி, கல்லூரி வீரர்களை எடுப்போம். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் பிடித்துப்போவது ‘டிரேட் டவுன்’தான். கையிலுள்ள முன்வரிசை பிக்கை, முன்னேறத் துடிக்கும் இன்னோர் அணிக்கு விட்டுக்கொடுத்து, அதன் பின்வரிசை பிக்கையும் கூடவே சில கூடுதல் பிக்குகளையும் பெறுவதே அது. ஒரு காலத்தில் நாங்கள் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை தப்பாமல் செய்கிறார்கள். காயம்பட்ட வீரரை விசாரிக்காமல் எடுப்பது போன்ற வெளிப்படையான பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

புள்ளி அட்டவணையை வேதவாக்காகக் கொள்வது

1991-இல் டல்லஸ் கவ்பாய்ஸ் அணிக்காக உருவாகி, அதன் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரால் அறியப்படும் அட்டவணை ஒவ்வொரு பிக்கின் மதிப்பையும் புள்ளிகளாகச் சொல்கிறது; அதில் முதல் பிக்குக்கு 3000 புள்ளிகள், பத்தாவதற்கு 1300, இரண்டாம் சுற்றின் முதல் பிக்கான 33-க்கு 580. இந்த எண்கள் அணிகள் அதுவரை எப்படிப் பேரம் பேசின என்பதிலிருந்து பிறந்தவை; எடுக்கப்பட்ட வீரர்கள் எப்படி ஆடினார்கள் என்பதை அவை சொல்வதில்லை. ஆய்வாளர்களான கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் ஆராய்ந்து பார்த்தபோது, ஒரே ஆட்டநிலையில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முந்தியவரே சிறந்து விளங்கும் வாய்ப்பு ஏறக்குறைய 52 விழுக்காடுதான் என்று தெரியவந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட இது சற்றே மேல். ஆகவே இடம் இறங்குவது பொதுவாக நல்ல முடிவு என்பதே என் கட்சியும். ஆனால் அந்த ஆதாயம் பேரம் முடிந்த கணத்திலேயே கைக்கு வந்துவிடுவதில்லை.

குவாட்டர்பேக் இல்லாத அணி கண்ணை மூடிக்கொண்டு இறங்குவது

2018-இல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் மூன்றாவது பிக்கை ஜெட்ஸுக்குக் கொடுத்து ஆறாவதற்கு இறங்கி, குவென்டன் நெல்சனை எடுத்ததோடு மூன்று இரண்டாம் சுற்று பிக்குகளையும் பெற்றது. அந்த அணியிடம் ஏற்கெனவே ஆண்ட்ரூ லக் என்ற குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்துபவர்) இருந்தார் என்பதை நம் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2012-இல் இரண்டாவது பிக்கை வாஷிங்டனுக்கு விற்று மூன்று முதல் சுற்று பிக்குகளும் ஓர் இரண்டாம் சுற்று பிக்கும் வாங்கிய செயின்ட் லூயிஸ் ராம்ஸின் கதை வேறு. 2014 டிசம்பரில் அதே வாஷிங்டனை எதிர்த்து ஆடியபோது, அந்தப் பேரத்தின் வழியே வந்த ஆறு வீரர்களைக் கேப்டன்களாக நாணயச் சுண்டலுக்கு அனுப்பிவைத்து, 24–0 என்று வென்றும் காட்டியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பருவத்தை ஆறு வெற்றி, பத்துத் தோல்வி என்று முடித்த ராம்ஸ், 2016-இல் குவாட்டர்பேக் ஜேரட் கோஃபுக்காகத் தானே பெருவிலை கொடுத்து முதலிடத்துக்கு ஏற வேண்டியதாயிற்று.

கூடுதலாகக் கிடைத்ததை மீண்டும் மேலேறச் செலவிடுவது

என்னால் இன்னமும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். 2011-இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ், ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஜூலியோ ஜோன்ஸை எடுப்பதற்காக 27-இலிருந்து ஆறாவது இடத்துக்குத் தாவியது. அந்த இடத்தை விட்டுக்கொடுத்த கிளீவ்லாண்ட் பிரவுன்ஸுக்கு அவ்வாண்டின் 27, 59, 124 ஆகிய பிக்குகளும், அடுத்த ஆண்டின் முதல் சுற்று, நான்காம் சுற்று பிக்குகளும் கிடைத்தன. ஐந்து பிக்குகள், எந்தக் கணக்கில் பார்த்தாலும் நல்ல விலை.

பிறகு நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 27-ஐ வைத்துக்கொள்ளப் பொறுமையில்லாமல் பிரவுன்ஸ், அதனுடன் தன் 70-ஆவது பிக்கையும் சேர்த்துக் கொடுத்து 21-க்கு ஏறி ஃபில் டெய்லரை எடுத்தது. 59-இல் கிரெக் லிட்டில். 124-இல் ஓவன் மரேசிக் என்ற ஃபுல்பேக். மறு ஆண்டு, அட்லாண்டாவிடமிருந்து வந்த 22-ஆவது பிக்கில் 28 வயதான பிராண்டன் வீடனைக் குவாட்டர்பேக்காக எடுத்தது. எஞ்சியிருந்த நான்காம் சுற்று பிக்கை, ஐந்தாம், ஏழாம் சுற்று பிக்குகளோடு சேர்த்து வைக்கிங்ஸிடம் கொடுத்து, நான்கிலிருந்து மூன்றாம் இடத்துக்கு, அதாவது ஒரே ஒரு படி மேலேறி, ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) டிரென்ட் ரிச்சர்ட்சனை எடுத்தது. அதே ஆட்டநிலையில் ஏட்ரியன் பீட்டர்சனை வைத்திருந்த வைக்கிங்ஸுக்கு இன்னொரு ரன்னிங் பேக் எதற்கு? வேறு யாராவது குறுக்கே புகுந்துவிடுவார்களோ என்ற அச்சத்துக்குப் பிரவுன்ஸ் மூன்று பிக்குகளை விலையாகக் கொடுத்தது. அடுத்த பருவத்தில் இரண்டே ஆட்டங்கள் முடிந்ததும் ரிச்சர்ட்சனையும் கோல்ட்ஸுக்கு அனுப்பிவிட்டது. அதே வேளையில் ஜூலியோ ஜோன்ஸ் அட்லாண்டாவில் ஆண்டுக்காண்டு வளர்ந்துகொண்டிருந்தார்.

எங்கள் மாதிரி டிராஃப்டில் அண்மையில் ஒரு தம்பி எட்டாவது பிக்கிலிருந்து பதினேழுக்கு இறங்கி, இரண்டாம், மூன்றாம் சுற்று பிக்குகளைக் கூடுதலாகப் பெற்றார். எல்லாரும் பாராட்டினோம். பதினோராவது பிக் அறிவிக்கப்பட்டதும், தான் குறித்து வைத்திருந்த ரிசீவர் இன்னும் எடுபடாமல் இருப்பதைக் கண்டு பதற்றமாகி, அந்த இரண்டையும் கொடுத்துப் பன்னிரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டார். “அவரைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்துவிட்டேன் அண்ணா” என்றார். நிகரக் கணக்கில், எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு ஒன்றுமே வாங்காமல் இறங்கியிருந்தார்.

மேலேறுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 2010-இல் சிறு விலை கொடுத்து 44-இலிருந்து 42-க்கு ஏறித்தான் ராப் கிரான்கவ்ஸ்கியை எடுத்தது. ஆனால் அதே அணி 2013-இல் 29-ஆவது பிக்கை வைக்கிங்ஸுக்குக் கொடுத்து 52, 83, 102, 229 ஆகியவற்றைப் பெற்றபோது, முதல் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டது. 52-இல் ஜேமி காலின்ஸும் 83-இல் லோகன் ரையனும் வந்தார்கள். 102-இல் வந்த ஜோஷ் பாய்ஸ் சோபிக்கவில்லை. மூன்றில் ஒன்று பொய்த்தாலும் பாதகமில்லை என்பதற்காகத்தானே இறங்கியதே! காலின்ஸும் ரையனும் 2014 பருவத்தின் சூப்பர் பௌல் வென்ற அணியில் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு பிக்கை மலிவாக மதிப்பது

2023-இல் கரோலினாவிடமிருந்து சிகாகோ பேர்ஸ் பெற்ற ‘அடுத்த ஆண்டு முதல் சுற்று’, அந்தப் பருவத்தில் கரோலினா கடைசியாக முடித்ததால் 2024-இன் முதல் பிக்காக வந்து விடிந்தது.

32-உம் 33-உம் ஒன்றென நினைப்பது

வீரரின் ஒப்பந்தத்தை அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டுக்கும் நீட்டிக்கும் உரிமை முதல் சுற்று வீரர்களுக்கு மட்டுமே உண்டு. 2018-இல் ரேவன்ஸ் 32-க்கு ஏறி லமார் ஜாக்சனை எடுத்தபோது அந்த உரிமையும் கூடவே வந்தது. முதல் சுற்றைவிட்டு இறங்குபவர் இதற்கும் சேர்த்தே விலை கேட்க வேண்டும்.

கடிகாரத்தை மறப்பது

2003-இல் ஏழாவது பிக்கை வைத்திருந்த வைக்கிங்ஸ், ரேவன்ஸுடன் இடம் இறங்கும் பேரத்தை முடிக்க முயன்றுகொண்டிருக்கையில் நேரம் முடிந்துவிட்டது. முதல் சுற்றில் அன்று ஓர் அணிக்கு 15 நிமிடங்கள். இன்று அதைவிடக் குறைவு. அடுத்த நொடியே ஜாக்சன்வில் பைரன் லெஃப்ட்விச்சையும், கரோலினா ஜோர்டன் கிராஸையும் முந்திக்கொண்டு அறிவித்துவிட்டன. வைக்கிங்ஸ் ஒன்பதாவதாக எடுத்த கெவின் வில்லியம்ஸ் மிகச் சிறந்த வீரராகத் திகழ்ந்தார் என்பது அந்த அணியின் அதிர்ஷ்டம். இரண்டு இடம் இறங்கியதற்கு ஈடாக அதற்கு ஒரு பிக்கும் கிடைக்கவில்லை.